அறுபத்தொரு கிலோ ப்ராக்ஸி

ப்ராக்ஸியின் விலை பூஜ்யம். உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வருஷக்கணக்காக எழுதி, திருத்தி, சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடியும் திருத்திய மென்பொருள் அது. அதன் மூல நிரல் மொத்தத்தையும் வாசலில் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு பேருடைய மூளைக்கு யார் விலை போடுவது? அதனால் போடவில்லை. எடை அளவை வாரியத்தின் கொள்முதல் பிரிவுக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது.

எடை அளவை வாரியம் என்பது கடைக்காரர்களின் தராசுகளுக்கும் படிக்கற்களுக்கும் முத்திரை குத்தும் அலுவலகம். தராசைத் தூக்கிக்கொண்டு அதன் வராந்தாவில் வரிசையில் நின்ற எந்த வியாபாரியைக் கேட்டாலும் சொல்வார்: அங்கே தராசு சரியாக இருந்தால் போதாது, கொண்டுவந்தவரும் சரியாக நடந்துகொள்ள வேண்டும்.

வாரியத்தில் இணையம் ஓடவில்லை, நகர்ந்தது. எல்லா மேஜைகளுக்கும் ஒரே இணைப்பு. ஒரே செய்திப் பக்கத்தை ஒரே நேரத்தில் அத்தனை பேரும் திறந்தால் என்ன ஆகும்? ஒருவருக்கும் திறக்காது. இதற்கு மருந்துதான் ப்ராக்ஸி. அது நடுவில் நிற்கும் தரகர் மாதிரி. யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு முறை எடுத்துவந்ததில் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்; அடுத்தவர் அதையே கேட்டால் வெளியே ஓடாமல் உள்ளேயிருந்தே நீட்டிவிடும். தரகு கேட்காத தரகர் உலகத்தில் இது ஒன்றுதான்.

இந்த யோசனையைச் சொன்னது கம்ப்யூட்டரம்மா. அலுவலகத்தின் கணினிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவள். ஒப்பந்த ஊழியர். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கும் அந்த ஒரு மாதம் மட்டும் பியூன்கூட அவளிடம் அதட்டித்தான் பேசுவார். அவளை அதட்டாத ஒரே ஆள் நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளர். அவர் அவளைத் "தங்கச்சி" என்று கூப்பிட்டார். மதியம் அவள் டப்பாவைத் திறந்தால் பாதி அவருடையது. கூடப்பிறந்த அண்ணன் இல்லாதவள் அவள். அந்தப் பாதியை அவள் ஒரு நாளும் கணக்கு வைத்ததில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு ஸ்கேன் சென்டரிலிருந்து அவளுக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. சம்பளம் கூடுதல். கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு, சொந்த வீட்டில் ஏதோ விபரீதம் நடந்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அவசரப்படாத தங்கச்சி. இந்த ப்ராக்ஸிய மட்டும் ஓட வச்சுக் குடு. ப்ராக்ஸிப் பொறுப்பாளர்னு ஒரு நிரந்தரப் பதவி கேட்டு ஃபைல் போட்டிருக்கேன். அது உனக்கில்லாம வேற யாருக்கு? அண்ணன் வாக்கு இது."

அவள் ஸ்கேன் சென்டருக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் அவள் புருஷன் கேட்டான். அவன் வெங்காய மண்டியில் எடை எழுதுபவன். நாள் முழுக்க மூட்டையை எடைபோட்டு, சாக்கின் எடையைக் கழித்து எழுதுவது அவன் வேலை.

"உங்க அண்ணன் வாக்குல சாக்கு எவ்வளவு, சரக்கு எவ்வளவுன்னு கேட்டியா?"

இப்படிப் பேசுகிற மனுஷனுக்கு மனுஷர்களைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

கொள்முதல் பிரிவு விதிப்படி மூன்று விலைப்புள்ளி கேட்டது. கம்ப்யூட்டரம்மா இதே மாதிரியான இன்னும் இரண்டு மென்பொருள்களைத் தேடிக் கொடுத்தாள். மூன்றின் விலையும் பூஜ்யம். குறைந்த விலை கேட்டவர் யார் என்று முடிவு செய்ய முடியாமல் கோப்பு மேலே போயிற்று. பேரம் பேசாமல் வாங்கினால் தணிக்கையில் கேள்வி வரும், பத்து சதவீதமாவது தள்ளுபடி கேளுங்கள் என்று குறிப்போடு கீழே வந்தது. அவள் வெட்கத்தை விட்டு அந்த மென்பொருள்காரர்களுக்குக் கடிதம் எழுதினாள். எங்கேயோ இருந்த ஒரு நல்ல மனுஷர் மறுநாளே பதில் போட்டார்: பத்து என்ன, உங்களுக்காக இருபது சதவீதம் தள்ளுபடி தருகிறோம். கொள்முதல் அதிகாரிக்குத் திறமையாகப் பேரம் பேசியதற்காகப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது.

இதையெல்லாம் தாண்டி, ஐந்து நிமிஷத்தில் நிறுவிவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். இந்த மென்பொருளை ஏற்கெனவே கட்டித் தயாராக வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டளை கொடுத்தால் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைக் கேட்டதும் வாரியத் தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். வாரியத்தின் முதல் விதியே, கட்டிவந்த சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்பது. ஊரில் அத்தனை மளிகைக் கடைக்காரர்களுக்கும் அபராதம் போட்டது அந்த விதியை வைத்துத்தான். நாமே மீறினால் நாளைக்கு எந்த முகத்தோடு ஒரு பருப்புப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்வது என்று கேட்டார்.

ஆகவே மூல நிரலையே இறக்கி, வாரியத்தின் கணினியிலேயே, வாரியத்தின் கண் முன்னாலேயே கம்பைல் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. மனுஷர்கள் எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதுதான் கம்பைல். மூன்றே கட்டளைகள். அவளுக்கு அதிலும் ஆட்சேபம் இல்லை. வழிமுறைகளை இரண்டு முறை படித்துத் தைரியம் வரவழைத்துக்கொண்டாள். அப்போதுதான் தலைவர் கேட்டார், அந்த மூல நிரல் எவ்வளவு எடை என்று.

எடை கிடையாது என்றாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை. எடை இல்லாத பொருளை வாரியம் எப்படி உள்ளே விட முடியும் என்று தலைவர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளரிடம் பதில் தயாராக இருந்தது. முழுவதையும் அச்சிட்டு எடை போட்டுவிடலாம். தனக்குத் தெரிந்த அச்சுக்கடை ஒன்று பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது.

அச்சுக்கடைக்காரர் கண்காணிப்பாளரின் மச்சினன், அவர் மனைவிக்குத் தம்பி. பணிவான மனுஷர். தாளின் ஒரு பக்கம் மட்டும், எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடம் விட்டு அச்சிட்டார். கம்பைலுக்குத் தேவையான ஒரு துணை நிரல் விட்டுப்போயிருந்தது. அதற்கும் தனியாக மூன்று விலைப்புள்ளி, அதற்கும் அச்சு. கட்டுகளைத் தோளில் வைத்துப் படியேறி வந்தவர் கம்ப்யூட்டரம்மாவைப் பார்த்து மூச்சு வாங்கினார்.

"என்ன பாஷை இது அக்கா? ஒரு எழவும் புரியல. அடைப்புக்குறியா போட்டு நிரப்பி வச்சிருக்கானுங்க. மை குடிச்சுத் தள்ளுது."

அவள் பாவம் பார்த்து அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இது எதற்கு, எங்கே போய் முடியும் என்று எளிமையாகச் சொல்லிக் கொடுத்தாள். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

எடை போடும் நாளில் ஒரு சிக்கல். வாரியத்தின் சொந்தத் தராசில் முத்திரை காலாவதியாகியிருந்தது. முத்திரை குத்த வேண்டியவர்களும் அவர்களே என்பதால் அங்கேயே குத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு கட்டாக ஏற்றினார்கள். மொத்தம் அறுபத்தொரு கிலோ. தாளில் ஈரப்பதம் கழிக்க வேண்டுமா என்று சரக்கை ஏற்க அமைத்த குழுவில் ஒரு உறுப்பினர் கேட்டார், மற்றவர்கள் அவரைச் சமாதானப்படுத்தினார்கள். யாராவது படித்துப் பார்த்தீர்களா என்று தலைவர் கேட்டபோது கண்காணிப்பாளர் நிமிர்ந்து நின்று, "எடை போட்டாச்சுங்க ஐயா" என்றார். தலைவர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். கட்டுகள் பண்டக அறைக்குப் போயின. அதற்கப்புறம் அவற்றை யாரும் பிரிக்கவில்லை.

கம்பைலுக்குக் கூட்ட அறையில் ஏற்பாடு செய்திருந்தார்கள். குழு உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவள் முதல் கட்டளையைக் கொடுத்தாள். திரையில் வரிகள் சடசடவென்று மேலே ஓடின. நிறுத்து, நிறுத்து என்று தலைவர் கையை உயர்த்தினார். கண்ணால் பார்த்து ஏற்றுக்கொண்டோம் என்று குழு கையெழுத்துப் போட வேண்டும். இந்த வேகத்தில் போனால் எதைப் பார்ப்பது? ஒரு திரை நிரம்பியதும் நின்று, விசையைத் தட்டினால் அடுத்த திரை வரும்படி மாற்றச் சொன்னார்கள். மாற்றினாள். அதன் பிறகு அரை மணி நேரத்தில் முடிய வேண்டியது, தட்டித் தட்டி, வாரம் முழுக்க நடந்தது. குழு முறைபோட்டுப் பார்த்தது. ஒருவர் பார்க்கும்போது மற்றவர்கள் கண் அயர்ந்தார்கள். பார்ப்பவரும் சில சமயம் அயர்ந்தார். அப்போது அவளே அவரை எழுப்பிக் கையெழுத்து வாங்கினாள்.

கடைசித் திரை வந்ததும் தலைவர் பேசினார்.

"ஊரே கண்ண மூடிக்கிட்டு இன்ஸ்டால் பண்ணுது. நாம கண்ணத் திறந்து வச்சுக்கிட்டுப் பண்ணோம். யாரும் படிக்கல, புரிஞ்சுக்கல, அது வேற விஷயம். கண்ணு திறந்திருந்துச்சா இல்லையா? அதுதான் வெளிப்படைத் தன்மை."

கைதட்டினார்கள். பிறகு, வந்த சரக்கை எடை போட வேண்டும் என்றார்கள். கம்பைல் ஆகி வந்த கோப்பை அவள் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். வெறும் பென் டிரைவ் எவ்வளவோ, கோப்பு ஏற்றிய பென் டிரைவும் அவ்வளவே. தலைவர் தராசு முள்ளை இரண்டு பக்கமும் போய் நின்று பார்த்தார். அறுபத்தொரு கிலோ உள்ளே போயிருக்கிறது, வெளியே ஒன்றுமே வரவில்லை. எந்த ஆசாரியாவது இவ்வளவு சேதாரம் போடுவானா என்று கேட்டார். தாள் அப்படியே பண்டக அறையில் இருக்கிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அது மூலம், மூலம் போக மிச்சம் எங்கே என்றார்கள். கண்காணிப்பாளர்தான் குறுக்கே வந்து, நான் எழுதிச் சரிசெய்துகொள்கிறேன் ஐயா என்று காப்பாற்றினார். அன்றைக்கு அவள் டப்பாவில் அவருக்கு முக்கால் பங்கு கொடுத்தாள்.

மிச்ச வேலையை அவள் தனியாகச் செய்தாள். அதில் எடை போட ஒன்றுமில்லாததால் யாரும் வரவில்லை. ப்ராக்ஸிக்கு ஒரு அமைப்புக் கோப்பு உண்டு. எந்த மேஜைக்கு அனுமதி, எந்த வாசலில் காத்திருக்க வேண்டும், பிரதிகளை எந்த இடத்தில் சேமிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அதில் சொல்ல வேண்டும். முதல் நாள் எழும்பவே இல்லை. சேமிக்கும் இடத்தில் எழுத அதற்கு அனுமதி கொடுக்க மறந்திருந்தாள். கொடுத்தாள். எழுந்தது. பக்கத்து மேஜைக் கணினியில் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தாள், வந்தது. அடுத்த மேஜையில் அதையே திறந்தாள், கண் சிமிட்டுவதற்குள் வந்தது. யாரும் இல்லாத அறையில் ஒவ்வொரு கணினியாகப் போய்த் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இனி வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் அந்த ஒரு மாதம் தனக்கு வராது என்று நினைத்துக்கொண்டாள்.

திறப்பு விழாவுக்குக் கூட்ட அறையில் பெரிய திரை கட்டினார்கள். முதல் பக்கமாக வாரியத்தின் சொந்த இணையதளத்தைத் தலைவரே திறப்பது என்று ஏற்பாடு. இதற்கு முன்னால் அந்தத் தளத்தை அலுவலகத்தில் யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. மேலே தலைவரின் படம் இருக்கும். நெற்றி வரை வந்ததும் இணையம் களைத்துப் படுத்துவிடும். சட்டப்படி அறிவிப்புகளை எல்லாம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று இருக்கிறது. வாரியம் சட்டத்தை மீறியதே இல்லை. எல்லா அறிவிப்பையும் பக்கத்தின் அடியில் வெளியிட்டுவந்தது.

மற்ற மேஜைகளுக்கு ப்ராக்ஸியே பிரதி நீட்டிவிட்டதால் இணைப்பு காலியாக இருந்தது. தலைவர் விசையைத் தட்டினார். நெற்றி வந்தது, மூக்கு வந்தது, சட்டைப் பையில் பேனா வரைக்கும் வந்தது. அறை ஆரவாரம் செய்தது. தலைவருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. கீழே இன்னும் இருக்கிறதா என்று உருட்டிக்கொண்டே போனார். பக்கம் அவருக்குச் சளைக்காமல் வந்துகொண்டே இருந்தது. கண்காணிப்பாளர் எழுந்து, போதுங்க ஐயா, தேநீர் ஆறுகிறது என்றார். தலைவர் கேட்கவில்லை. அடியில் இருந்த அறிவிப்பைக் கணீரென்று வாசித்தார்.

"ப்ராக்ஸிப் பொறுப்பாளர். நிரந்தரப் பணியிடம், ஒன்று."

கம்ப்யூட்டரம்மா எல்லோருக்கும் முன்னால் கைதட்டினாள். மற்றவர்களும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். தலைவர் மேலே வாசித்தார். தகுதி: மூல நிரல் முழுவதையும் தன் கையால் எடுத்துக் கையாண்ட அனுபவம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் போன மாதமே முடிந்திருந்தது. விண்ணப்பித்தவர் ஒருவர். தேர்வானவர் அவரே. கீழே அச்சுக்கடைக்காரரின் படம், ஒரு துளி குறையாமல், கழுத்தில் டையோடு, பளிச்சென்று இறங்கியது.

அவள் கை நின்றுவிட்டது. படம் இவ்வளவு வேகமாக வந்ததற்கு அவள்தான் காரணம்.

மதியம் கண்காணிப்பாளர் வழக்கம்போல் அவள் மேஜைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவள் டப்பாவைத் திறக்கவில்லை. அவர் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"கோபமா தங்கச்சி? நியாயம்தான். ஆனா நீ என்ன செஞ்ச, யோசிச்சுப் பாரு. விசையத் தட்டுன. அவன் அறுபத்தொரு கிலோவயும் தோள்ல சுமந்து மாடி ஏத்திருக்கான். கையாண்டது யாரு?"

"நீங்க வாக்குக் குடுத்தீங்கண்ணே."

"குடுத்தேன். இல்லேங்கல. தங்கச்சின்னு நெனச்சதாலதான் உரிமையோட உன்னத் தள்ளி வச்சேன். வெளியாளா இருந்தா பயந்திருப்பேன், கேஸ் போடுவாங்கன்னு. உன்கிட்ட அந்தப் பயமே இல்ல பாரு, அதுதான் பாசம். மச்சினன் விஷயம் அப்படி இல்ல. அவன விட்டா எனக்கு வீட்ல ராத்திரிச் சோறு கிடையாது. உன்ன விட்டா மத்தியானச் சோறு மட்டும்தான் போகும். ரெண்டையும் தூக்கிப் பாத்தேன்."

எடை அளவை வாரியத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவர். சரியாகத்தான் தூக்கிப் பார்த்திருந்தார்.

அவள் ஒப்பந்தம், வேலை முடிந்துவிட்டதால், அந்த வாரத்தோடு முடிகிறது என்பதையும் அவரே சொன்னார். போவதற்கு முன் மச்சினனுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்கேன் சென்டருக்கு அவள் அன்றே பேசினாள். அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டிருந்தது.

வீட்டில் புருஷனிடம் நடந்ததைச் சொன்னாள். சாக்கைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் அவள் டப்பாவை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவைத்தான். அதுதான் அவளை அழவைத்தது.

கடைசி நாளில் ஒப்படைப்புத் தாள் கொடுத்தார்கள். வாரியத்தில் யார் விலகினாலும் அதை நிரப்ப வேண்டும்: பெற்றது, கொடுத்தது, நிலுவை. கண்காணிப்பாளர் சரிபார்த்துக் கையெழுத்திட்டால்தான் அடுத்தவர் பொறுப்பேற்க முடியும். தலைவர் தன் அறையில் காத்திருந்தார். புதுப் பொறுப்பாளருக்கு அன்று மாலையே ஆணை கொடுக்க நல்ல மனநிலையில் இருந்தார். மச்சினன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றார்.

கம்ப்யூட்டரம்மா கடவுச்சொற்களை உறையில் போட்டு ஒட்டினாள். அமைப்புக் கோப்பில் ஒரு எழுத்தையும் கெடுக்கவில்லை. கெடுக்க நினைத்தாள், மனசு வரவில்லை. தாளை நிதானமாக, மசி அழியாமல் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கண்காணிப்பாளர் முதல் வரியில் தலையாட்டினார், இரண்டாம் வரியில் தலையாட்டினார், மூன்றாம் வரியில் நின்றார். இதை அடித்துவிடு தங்கச்சி, இதெல்லாம் தாளில் வருகிற சமாசாரமா என்றார். அவள் அடிக்கவில்லை. அவரே அடிக்கப் பேனாவைத் திறந்தார், பிறகு மூடினார். ஒப்படைப்புத் தாளில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் திருத்தக் குழு கூட வேண்டும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் எழுதி, எல்லா உறுப்பினர்களும் வாசித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவரே அவர்தான். தலைவர் இரண்டாவது முறையாக ஆள் அனுப்பினார். மச்சினன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "அத்தான், அக்கா போன்ல கேக்குது, முடிஞ்சுச்சான்னு" என்றார்.

கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டார். அவள் தன் பிரதியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, போய்ட்டு வரேங்க சார் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். தாளில் இருந்தது இவ்வளவுதான்:

பெற்றது: மூல நிரல், அச்சில், அறுபத்தொரு கிலோ. கொடுத்தது: அதே அறுபத்தொரு கிலோ, கட்டுப் பிரிக்காமல். நிலுவை: இல்லை.

பெற்றது: ஓடாத இணையம், ஒன்று. கொடுத்தது: ஓடுகிற இணையம், ஒன்று. நிலுவை: இல்லை.

பெற்றது: கண்காணிப்பாளர் வாயால் கொடுத்த வாக்கு, ஒன்று. கொடுத்தது: வெளியே கிடைத்த வேலை, ஒன்று, மதியச் சாப்பாடு, தினமும் பாதி. நிலுவை: நிரந்தரப் பணி, ஒன்று. வாரியம் தர வேண்டியது.

மேற்கண்ட கணக்கு சரி. கண்காணிப்பாளர், நிர்வாகப் பிரிவு.